சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25 (தாராவி, மும்பை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சில உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஜூனில் நோட்டுப் புத்தகங்கள் வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. தொண்ணூறு அடிச் சாலையில் பொங்கல் சிறப்பாக இருந்தது.

ஆடித் திருவிழாவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியே என்னைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னவன் நான்தான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அதற்கு அனுமதி தருவதில்லை. "அம்மனுக்கே நேரம் குறிக்கிறாயா?" என்று கேட்டார்கள். நானும் தீ மிதித்தவன்தான். அம்மன் காதுக்கு மைக் வேண்டும் என்று எந்தப் பூசாரியும் எனக்குச் சொன்னதில்லை. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் டயாலிசிஸ் முடித்து வந்து படுத்திருப்பவருக்கு உறக்கம் வேண்டும். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு வழிபாட்டு உரிமையைத் தரும்போதே பொது ஒழுங்கு, அறநெறி, உடல்நலம் என்று வரம்பும் கட்டியிருக்கிறது. ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் இன்றியமையாதது அல்ல என்று 2025 ஜனவரியில் மும்பை உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்; மறுநாள் கிழிந்து கிடந்தது.

ஒலிபெருக்கி வாடகையில் மிச்சமானதை வைத்துப் பொதுக் கழிப்பிடத்துக்குப் போகும் சந்தில் விளக்குப் போட்டோம். சாமி பணத்தைக் கக்கூசுக்குச் செலவழித்ததாகப் புகார். இருட்டியபின் அந்த வழியே போகும் பெண்களிடம் கேட்டுவிட்டுப் புகார் சொல்லியிருக்கலாம்.

இங்கே பெரிய பள்ளிவாசல் 1887இலும் பிள்ளையார் கோயில் 1913இலும் எழுந்தவை. 1992–93 இந்து–முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு, அமைதி காக்க அமைந்த மொஹல்லா (குடியிருப்பு) கமிட்டிகளில் உட்கார்ந்து பேசிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரின் பொறுமை எவ்வளவு முக்கியம் என்பதை அவர்கள் சொல்லக் கேளுங்கள். இந்த ஆண்டும் ஆடிக் கூழ் வாங்கிய வரிசையில் எல்லா மதத்தாரும் நின்றார்கள். ஊற்றத்தான் ஆள் போதவில்லை.

சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய். பாதிப் பேருக்கு மேல் பாக்கி. பத்து மணி விவகாரத்தைக் கண்டித்து நிறுத்தியதாகச் சிலர் சொல்கிறார்கள். அவர்களில் பலர் அதற்கு முந்தைய ஆண்டும் கட்டவில்லை. ஊர்க் கோயில் கொடைக்கு ஐயாயிரம் அனுப்பிய ரசீதை என்னிடமே காட்டியவர்களும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் இந்தச் சந்து விளக்கின் மின் கட்டணத்தை ஊர்க் கோயில் கட்டாது.

வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக உள்ளன; சிறு பற்றாக்குறையைப் பொருளாளர் விளக்குவார். பந்தல்காரர், தண்ணீர் தந்த கடைக்காரர்கள், மகளிர் குழு, தணிக்கையாளர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆடியிலும் பத்து மணிதான். வேறு நேரம் விரும்புவோர் செயலாளர் பொறுப்புக்குத் தாராளமாகப் போட்டியிடலாம். விண்ணப்பப் படிவம் என்னிடம் இருக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் போட்டியிட முடியாது என்பது துணைவிதி. பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்