‘அறைகலன்களுடன் வாடகைக்கு’ என்றால் என்னென்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறக்கும் பருவம் நெருங்கிவிட்டால், மாணவர்களை நம்பியே இயங்கும் ஊர்களில் ‘அறைகலன்களுடன் அடுக்குமாடி வீடு வாடகைக்கு’ என்ற விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. மகளின் படிப்புக்காக அப்படியோர் ஊரில் இரண்டு முறை வீடு தேடி அலைந்தவன் என்ற முறையில், ‘அறைகலன்களுடன்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றிச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

முதல் முறை நாங்கள் எடுத்த வீட்டின் விளம்பரப் படத்தில் குளிர்பதனப் பெட்டி ஒன்று பளிச்சென்று நின்றது. குடிபுகுந்த மூன்றாம் நாள், முன்பு அங்கிருந்த மாணவர் வந்து, அது தம்முடையது என்று கூறி எடுத்துச் சென்றுவிட்டார். உரிமையாளரைக் கேட்டபோது, கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி ஆகியவற்றையே தாம் குறிப்பிட்டதாகச் சொன்னார். ஒப்பந்தத்திலோ ‘அறைகலன்கள் உட்பட’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

அதைவிட வருத்தம் தந்தது ஆண்டு முடிவில் நடந்தது. எழுதுமேசை இழுப்பறையின் அடிப்பலகையில் இருந்த விரிசலுக்காக முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த விரிசலை யாரோ எப்போதோ ஒட்டியிருந்த கோந்து காய்ந்து மஞ்சளேறிப் போயிருந்தது. பார்த்தவுடனே பழைய சேதம் என்று தெரியும். ஆனால் நாங்கள் வந்த அன்றே அது அப்படித்தான் இருந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை.

கல்லூரி ஊர்களில் இத்தகைய தகராறு அடிக்கடி எழுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆட்கள் மாற, அதே சோபாவும் அதே மேசையும் நாலைந்து கை மாறுகின்றன; யார் உடைத்தது என்ற கேள்வி வரும்போது, கடைசியாக இருந்தவர் தலையில்தான் அது விடிகிறது. எல்லோரும் ஒரே வாரத்தில் வீடு தேடுவதால், நிதானமாகக் கேள்வி கேட்பவரை ஒதுக்கிவிட்டு, கேட்காதவருக்குக் கொடுத்துவிடுவதும் உரிமையாளருக்கு எளிது. உரிமையாளர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்காலியை மழையில் போட்டு ஊறவைத்துவிட்டு, தேய்மானம் என்று சாதிக்கும் பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் முறை, சாவியை வாங்கிய அன்றே ஒவ்வொரு பொருளின் பெயர், எண்ணிக்கை, நிலை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, மின்சார மீட்டரின் அளவையும் குறித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு, தேதி தெரியும்படி படங்களும் எடுத்துக்கொண்டோம். முழுதாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மெத்தையின் ஓரத் தையலைத் தூக்கிப் பார்க்கவும் தவறவில்லை. அங்கே மிளகுத்தூள் சிந்தியது போன்ற கரும்புள்ளிகள் தென்பட்டால் மூட்டைப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். விடுமுறையில் பூட்டிக் கிடந்த வீடுதானே என்று இருந்துவிட முடியாது. அது பல மாதங்கள் பட்டினி கிடந்தும் உயிர் வாழக்கூடியது.

வகுப்புகள் ஒன்பது, பத்து மாதங்களில் முடிந்துவிட, ஒப்பந்தம் பன்னிரண்டு மாதங்களுக்குப் போடப்படுகிறது என்பதால், எஞ்சிய மாதங்களுக்கு உள்வாடகைக்கு விடலாமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வீட்டைப் பார்க்கும் முன்பே பணம் அனுப்பச் சொல்பவர்களிடம் பேச்சையே வளர்க்க வேண்டியதில்லை. படங்கள் வேறெங்கிருந்தோ எடுக்கப்பட்டவையாக இருக்கக்கூடும்.

பொருட்பட்டியல் இணைக்காத வாடகை அறிவிப்புகளைத் தம் வளாகப் பலகையில் ஒட்ட அனுமதிப்பதில்லை என்று கல்லூரி நிர்வாகங்கள் முடிவெடுத்தால், பேரம் பேசத் தெரியாத முதலாண்டு மாணவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். தங்கள் நாளிதழும் வரி விளம்பரங்களில் ‘அறைகலன்களுடன்’ என்று போடும்போது, என்னென்ன பொருட்கள் என்பதை ஒரு வரியிலாவது கேட்டு வாங்கி வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
மாணவி ஒருவரின் தந்தை