மான் தடத்தைப் படம்பிடித்துப் போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் எங்கள் ஊர் செரோக் தோக்குன் மலைக்காட்டின் அடிவாரத்துக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மூன்று இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். "அங்கிள், நீங்கள் காடெல்லாம் சுற்றியவராமே. மான் தடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டார்கள். அமெரிக்க வேட்டைக்காரர்களின் காணொளிகளைப் பார்த்து வந்த ஆசை. துப்பாக்கி கிடையாது, தடம் பார்த்துப் படம்பிடித்து இடத்தோடு வெளியிடுவது மட்டும்தானாம். அந்த 'மட்டும்தான்' பற்றியே இக்கடிதம்.

நான் நில அளவை வேலையில் 32 ஆண்டுகள் கழித்தவன். என் மகன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறான். மான் வேட்டைக்குப் புதியவன். ஒரு மார்ச் மாதம் என்னையும் காட்டுக்கு அழைத்துப் போனான். துப்பாக்கி வேட்டையோ நவம்பரில். இப்போதே என்ன அவசரம் என்று கேட்டேன். இலை கொட்டிப் பனி உருகும் நேரத்தில்தான் போன பருவத்துத் தடங்கள் மறைப்பின்றித் தெரியும் என்றான். புறப்படும் முன் முழங்காலுக்குக் கோடாலித் தைலம் தேய்த்திருந்தேன். காற்றில் அந்த வாடை போனால் ஒரு மைலுக்கு மான் நிற்காது என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவன் கைப்பேசியில் இருந்த வரைபடத்தில் சம உயரக் கோடுகளைப் பார்த்தேன். இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த கழுத்துப் பகுதி ஒன்று இருந்தது. மேட்டில் ஏறிச் சோர மானுக்கும் பிடிக்காது, இங்கேதான் கடக்கும் என்றேன். போய்ப் பார்த்தால் மாடுகள் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையைப் போல ஒரு தடம்! பக்கத்து மரத்தில் என் தொடை உயரத்துக்குப் பட்டை உரிந்திருந்தது. ஆண் மான் கொம்பை உரசிய அடையாளம். கீழே வெள்ளை ஓக் மரங்கள். அவற்றின் கொட்டையில் துவர்ப்புக் குறைவு என்பதால் மான்கள் அதைத் தேடி வருமாம். படுக்கும் இடம், மேயும் இடம், இரண்டுக்கும் நடுவே போகும் வழி. இம்மூன்றும் தெரிந்துவிட்டால் பாதி வேட்டை முடிந்தது என்றான் மகன்.

அங்கே வேட்டைக்குப் பருவம் உண்டு, உரிமம் உண்டு. 1973இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் பயிற்சி வகுப்பு முடித்தாக வேண்டும். நம் தீபகற்ப மலேசியாவில் கடமான், கீஜாங் எனும் குரைக்கும் மான் ஆகியவற்றின் வேட்டைக்கான உரிமம் 2009இலேயே நிறுத்தப்பட்டது. கீஜாங் வேறு யாருமில்லை, நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சின்னத்தில் நிற்கிறதே, அதுதான். கடமான் புலியின் முக்கிய இரை. நாட்டில் மலாயாப் புலிகளோ 150க்கும் குறைவு.

1990களில் பேராக் மாநிலத்தின் கிரிக் பக்கம் எல்லைக்கல் தேடிப் போனபோது ஒரு கீஜாங்கைக் கண்டேன். கம்பிக் கண்ணியில் முன்னங்கால் எலும்பு வரை அறுபட்டு, செத்து இரண்டு நாளாகியிருக்கும். கண்ணி கட்டப்பட்டிருந்த இடம், விஸ்கான்சினில் என் மகனுக்கு நான் காட்டினேனே, அதே போன்ற கழுத்துப் பகுதி. கட்டியவனும் நிலத்தைப் படிக்கத் தெரிந்தவன்தான். அவனுக்குப் பல நாள் அலைச்சல். நம் பிள்ளைகள் இடத்தைக் குறித்துப் படம் போட்டால் அந்த அலைச்சலும் மிச்சம்.

தடம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இடத்தை வெளியில் சொல்லாதீர்கள். கண்ணியைக் கண்டால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு மட்டும் தெரிவியுங்கள். இதைத்தான் அந்த மூவரிடமும் சொன்னேன். ஒருவன் அங்கேயே ஒரு படத்தை நீக்கினான். மற்ற இருவரும் யோசித்துச் சொல்கிறார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு