பேரை அழித்துவிட்டால் போதுமா, சாந்தி?

மதுரை

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், அதனால்தான் தாமதம். இப்போது பார்வை பளிச்சென்று இருக்கிறது. விளைவு, ஃபேன் றெக்கையில் உள்ள தூசிக்கும் சமையலறை மூலையில் உள்ள ஒட்டடைக்கும் தினமும் எனக்குப் பேச்சு விழுகிறது. திவ்யாவுக்கு பி.ஜி. சீட் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். ரேடியாலஜி எடுக்காமல் குழந்தை மருத்துவம் எடுத்துவிட்டாளே என்று கொஞ்சம் வருத்தம்தான், அவளிடம் சொல்லிவிடாதே.

சரி, நீ கேட்ட விஷயம். இன்ஜினியரிங் கல்லூரிக்காரர்கள் உங்கள் ஆஸ்பத்திரியின் தலைக்காய சிடி ஸ்கேன் எல்லாவற்றையும் கேட்கிறார்கள், மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று தானே கண்டுபிடிக்கும் மென்பொருள் செய்கிறார்கள், பேரை அழித்துக் கொடுத்தால் போதும்தானே என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு, ஸ்கேன் படித்துச் சொல்ல ரேடியாலஜிஸ்ட் இல்லாத ஊரில் சிடி எடுத்துவிட்டு முழிக்கிற டியூட்டி டாக்டருக்கு அப்படி ஒன்று இருந்தால் பெரிய உதவி. டெல்லியில் எடுத்த 491 தலை சிடிகளை சிக்யூ500 என்ற பெயரில் 2018-லேயே ஆராய்ச்சிக்காக வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் பேரை அழித்ததோடு வேலை முடிந்தது என்று மட்டும் நினைத்துவிடாதே.

ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் டைகாம் ஃபைலுக்குள் படம் மட்டுமா இருக்கிறது? பேர், பிறந்த தேதி, உள்நோயாளி (ஐபி) நம்பர், அனுப்பிய டாக்டர், ஆஸ்பத்திரி, ஸ்கேன் எடுத்த நேரம் எல்லாம் படத்தோடு ஒட்டிய எழுத்துக் குறிப்புகளாக, டேக் டேக்காக உட்கார்ந்திருக்கும். மெஷின் கம்பெனிகள் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் டேக்குகள் வேறு. எதை அழிக்க வேண்டும், எதை மாற்றி எழுத வேண்டும் என்று டைகாம் தரத்திலேயே பட்டியல் உண்டு. வட அமெரிக்க ரேடியாலஜி சங்கத்தின் சிடிபி என்ற இலவச மென்பொருளை அதன்படி அமைத்துவிட்டால் ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்துவிடும். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், ஸ்கேன்களைச் சேமித்து வைக்கும் உங்கள் பேக்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பையனே செய்துவிடுவான்.

கவலைப்பட வேண்டியது படத்துக்குள்ளேயே எழுதியிருப்பதைப் பற்றி. உங்கள் சிடி ஒன்றைத் திறந்து கடைசி வரை தள்ளிப் பார். எல்லாப் பட வரிசைகளும் (சீரிஸ்) முடிந்த பிறகு கறுப்புப் பின்னணியில் கதிர்வீச்சு அளவைக் காட்டும் பக்கம் ஒன்று வரும். மேலே நோயாளியின் பேரும் நம்பரும் இருக்கும். அது டேக் இல்லை, படம். டேக்கை எவ்வளவு துடைத்தாலும் அது அப்படியே இருக்கும். சில இடங்களில் டெக்னீஷியன், ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதும் ரிக்விசிஷன் சீட்டையும் ஸ்கேன் செய்து அதே ஃபோல்டரில் சேர்த்துவிடுவார். அதில் அப்பா பேர், ஊர், செல் நம்பர் எல்லாம் நம் கையெழுத்திலேயே இருக்கும் (நம் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பது மட்டும் ஆறுதல்). பெரிய இடங்களுக்கே இது நடந்திருக்கிறது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச்சும் கூகுளும் சேர்ந்து 2017-ல் ஒரு லட்சம் மார்பு எக்ஸ்ரேக்களை வெளியிட இருந்தார்கள். இரண்டே நாள் இருக்கும்போது, சில டஜன் படங்களில் ஆளை அடையாளம் காட்டும் விவரம் இன்னும் இருக்கிறது என்று என்ஐஎச்சிலிருந்து தகவல் வந்தது. கூகுள் அந்தத் திட்டத்தையே விட்டுவிட்டது. இந்த விஷயம் 2019-ல் பத்திரிகையில் வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

அப்புறம் முகம். மெல்லிய ஸ்லைஸ்களாக (குறுக்குவெட்டுப் படங்களாக) எடுத்த தலை சிடியை 3டியில் போட்டால் மூக்கும் உதடும் கன்னமும் எழுந்து வருவதை நாமே பார்த்திருக்கிறோம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 84 பேரின் எம்ஆர்ஐயிலிருந்து முகத்தை உருவாக்கி, அவர்களுடைய போட்டோக்களோடு முகம் அறியும் மென்பொருளை வைத்து ஒப்பிட்டார்கள். 70 பேரைச் சரியாகச் சொல்லிவிட்டது. 2019-ல் வந்த ஆய்வு அது. முகப்பகுதியை மட்டும் அழித்துவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. உங்கள் வேலைக்கு மூளையும் மண்டை ஓடும் உச்சந்தலை வீக்கமும்தானே வேண்டும்? மூக்கும் வாயும் போனால் நஷ்டமில்லை. முக எலும்பு முறிவு பற்றிய ஆராய்ச்சி என்றால்தான் சிக்கல்.

இதெல்லாம் மேயோவும் கூகுளும். நம் ஊரில் இவ்வளவு தொழில்நுட்பம் தேவையே இல்லை, தினசரியின் மாவட்டப் பக்கம் போதும். "பைக் மீது வேன் மோதியது" என்று போட்டு, பேர், அடைப்புக்குறிக்குள் வயது, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்பது வரை எழுதிவிடுவார்கள். நீ பேரை அழித்துவிட்டு "ஆண், 34, செவ்வாய்க்கிழமை ராத்திரி 9.40" என்று மட்டும் விட்டுவைத்தாலும், மறுநாள் பேப்பரை எடுத்துப் பார்க்கிறவனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதோடு, உன் நோயாளியின் ரத்தத்தில் சாராயம் இருந்தது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தால், இன்ஷூரன்ஸ் கேஸிலிருந்து பெண் பார்க்கும் இடம் வரை அது போகும். தலைக்காயக் கேஸ்களில் எனக்குப் பெரிய பயம் இதுதான்.

அதனால் தேதியை அப்படியே விடாதே. ஒவ்வொரு நோயாளிக்கும் ஏதோ ஒரு எண்ணிக்கையில் நாட்களை முன்பின் தள்ளச் சொல். ஒரே ஆளின் எல்லா ஸ்கேன்களுக்கும் அதே எண்ணிக்கை இருந்தால், முதல் சிடிக்கும் ஃபாலோ-அப் சிடிக்கும் இடையில் எத்தனை நாள் என்ற கணக்கு கெடாது. மணியை எடுத்துவிடலாம். வயதை 30–34, 35–39 என்று கொடுத்தால் அவர்களுக்குப் போதும். ரிப்போர்ட்டை முழுசாகக் கொடுக்காமல் ரத்தக்கசிவு உண்டா, எங்கே, எந்த வகை என்று மட்டும் அட்டவணையாகக் கொடு. பழைய நம்பருக்கு எது புது நம்பர் என்ற பட்டியல் உன் அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

நோயாளியின் சம்மதம் (கன்சென்ட்) வாங்குவது பற்றியும் கேட்டிருந்தாய். அடையாளம் நீக்கிய பழைய பதிவுகளுக்கு, ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டி விலக்கு தரலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கமிட்டி தரலாம், நீயாக எடுத்துக்கொள்ள முடியாது. டீன் வாய்வார்த்தையாகச் சரி சொன்னார் என்று எழுதியிருக்கிறாயே, அதை வைத்துக்கொண்டு ஒரு ஃபைலையும் கொடுத்துவிடாதே. இனி வரும் நோயாளிகளுக்கு, அட்மிஷன் கட்டோடு கட்டாகக் கைநாட்டு வாங்குகிற தாளில் இதையும் நுழைக்க வேண்டாம். தலையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பவனின் அண்ணன் எந்தத் தாளில்தான் கையெழுத்துப் போடமாட்டான்? நோயாளி தெளிந்த பிறகு, டிஸ்சார்ஜுக்கு முன்னால் தமிழில் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்று, ஃபைல்களை அவர்கள் கையில் கொடுத்தே ஆக வேண்டுமா? ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அவர்களே வந்து மென்பொருளைப் பழக்கிக்கொண்டு போகட்டும் என்று கேட்டுப் பார். முனகுவார்கள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால், யாருக்கும் கைமாற்றமாட்டோம், ஆளைக் கண்டுபிடிக்க முயலமாட்டோம், வேலை முடிந்ததும் அழிப்போம் என்று எழுதி வாங்கிக்கொள். லிங்க் இருந்தால் யாரும் திறக்கலாம் என்கிற டிரைவில் மட்டும் போடவே கூடாது.

சுத்தம் செய்த பிறகு இருபது கேஸ்களை எனக்குக் கொடு, உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்லைஸாகப் பார்த்துச் சொல்கிறேன். பாஸ்வேர்ட் போட்ட பென் டிரைவாக இருக்கட்டும். நம் பேட்ச் வாட்ஸப் குரூப்பில் மூலையில் பேரோடு எக்ஸ்ரே போட்டு "ஒப்பீனியன் ப்ளீஸ்" என்கிறார்களே, அந்த வழியில் வேண்டாம். கார்த்திகை கடைசியில் தம்பி மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி வருகிறேன், அப்போதே வாங்கிக்கொள்கிறேன். எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தையும் எடுத்து வை, சேர்ந்தே நிரப்பிவிடலாம்.

அன்புடன்,
வசந்தா