துகு நெகாராவில் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

வணக்கம்.

2025 ஜூலை 31, வியாழக்கிழமை காலை, கோலாலம்பூர் துகு நெகாரா (தேசிய நினைவுச்சின்னம்) படிக்கட்டின் கீழே 93 வயது அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த அக்காவும் தம்பியும் நாங்கள்தான். உதவி செய்த யாருடைய பெயரையும் கேட்கவில்லை. செந்தூலுக்குத் திரும்பி வரும் வழியில்தான் அது உறைத்தது. அதனால்தான் எல்லாரும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன். உங்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. தம்பி மலாயிலும் எழுதிக்கொண்டிருக்கிறான், அவன் முடிப்பதற்குள் அடுத்த வருஷமே வந்துவிடும்.

அப்பா எதற்காக அங்கே வந்தார் என்று அன்றைக்குச் சொல்ல நேரமில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அவர். 1948 ஜூன் 16 அன்று அந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்று, அதனால் பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் கொண்டுவந்தபோது அவருக்கு 16 வயது. 18 வயதில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வேலைக்குச் சேர்ந்தார். தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, கையில் ஒரு மூணு-நாட்-மூணு துப்பாக்கி. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று, பால்வெட்டப் போகிறவர்களைக் கேட்டில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத் தருவார், அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். அம்மாவும் அதே தோட்டத்தில் பால்வெட்டியவர். "கட்டிக்கப்போறவ வாளியையே கவுத்துப் பார்த்த மனுஷன்" என்று சாகும்வரை அப்பாவைக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தார்.

அப்பாவோடு காவல் நின்ற கூட்டாளி ஒருவர், சம்பளப் பணம் கொண்டுவரும் லாரிக்குத் துணையாகப் போனவர், உயிரோடு திரும்பவில்லை. அவருடைய சைக்கிள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பல நாள் சாத்தியபடியே நின்றதாம், யாரும் தொடவில்லையாம். அவருக்காகத்தான் அப்பா இந்தச் சிலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31. அந்தத் தேதியில்தான் வீரர்கள் தினமும். முன்பெல்லாம் விழா இங்கேயே நடக்கும், இப்போது வேறு இடத்துக்குப் போய்விட்டது. அதனால் கூட்டம் இருக்காது என்று கணக்குப் போட்டோம். அந்த ஒரு கணக்கு மட்டும்தான் சரியாக வந்தது.

வாடகைக் காடி எங்களைத் தப்பான இடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பக்கத்து வீட்டு அத்தையிடம் இரவல் வாங்கிய நாற்காலியின் முன்சக்கரம் மேட்டில் ஏறும்போதே கழன்று உருண்டது. வெயிலோ கேட்க வேண்டாம். அப்பாவுக்குக் கண் செருகியது.

முதலில் ஓடிவந்தது, புல் வெட்டிக்கொண்டிருந்த பங்களாதேஷ் தம்பி நீங்கள். இடுப்புப் பையிலிருந்து கட்டுக்கம்பியையும் குறடையும் எடுத்து, மண்டியிட்டு, சக்கரத்தை அச்சோடு சேர்த்து நாலு சுற்று சுற்றி முறுக்கினீர்கள். கம்பியின் நுனி அப்பாவின் காலைக் கீறிவிடக்கூடாது என்று உள்பக்கமாக மடக்கிவிட்டீர்களே, அதை நான் பார்த்தேன். காசு வேண்டாம் என்றீர்கள். முறுக்குப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள்.

குடை பிடித்த சீனப் பிள்ளைகள் இருவருக்கும் நன்றி. காலேஜ் பிள்ளைகள் போல இருந்தீர்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வேலையை விட்டுவிட்டு, ஒருத்தி அப்பாவின் தலைக்குக் குடை பிடிக்க, இன்னொருத்தி உங்கள் தண்ணீர் போத்தலைத் திறந்து அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினீர்கள்.

அப்புறம் படிக்கட்டு. சுற்றுலா வேன் ஓட்டும் அண்ணன், நீங்கள் தமிழில் "பெரியவரே, கெட்டியா பிடிச்சுக்குங்க" என்றதும்தான் அப்பாவின் முகம் தெளிந்தது. நீங்களும் என் தம்பியும் முன்னால், காவலில் இருந்த மலாய்ப் பாக்சிக்கும் (மாமா என்பதை மலாயில் அப்படித்தான் சொல்வோம்) இன்னொரு பயணியும் பின்னால். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

மேலே போனதும் அப்பா பேசவே இல்லை. 15 மீட்டருக்கும் மேல் உயரம், ஏழு வெண்கல உருவங்கள், உச்சியில் கொடி பிடித்தவர். நாங்கள் ஏதோ உருக்கமாகச் சொல்வார் என்று காத்திருந்தால், "மூஞ்சியெல்லாம் வெள்ளைக்காரன் மாதிரியில்ல இருக்கு" என்றார். அந்தக் குறை புதிதல்ல. செய்தவர் ஃபெலிக்ஸ் டி வெல்டன். அமெரிக்காவில் இவோ ஜிமா வீரர்கள் கொடி நடும் சிலையைச் செய்தவர். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த துங்கு அப்துல் ரஹ்மான்தான் நமக்கும் ஒன்று வேண்டும் என்று அவரிடமே கேட்டார். 1966 பிப்ரவரி 8 அன்று திறந்தார்கள். பாக்சிக், அப்பா சொன்னதை நான் மலாயில் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

1975 ஆகஸ்ட் 27 அன்று கம்யூனிஸ்டுகள் குண்டு வைத்து இதே சிலையைச் சிதைத்ததையும், சரிசெய்ய 1977 ஆகிவிட்டதையும் நீங்கள் அப்பாவிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னீர்கள். காது மந்தம் என்று நாங்கள் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருந்தது. அவரை அவசரப்படுத்தவே இல்லை.

இன்னொன்றையும் கவனித்தீர்களா தெரியவில்லை. அப்பா அதிக நேரம் பார்த்தது கொடி பிடித்தவரை அல்ல. கீழே விழுந்து கிடக்கும் இருவரை, அதாவது எதிரிகளை. "இவனுங்கள்லயும் நம்ம தோட்டத்துப் பிள்ளைங்க இருந்தானுங்க" என்றார். அந்த அவசரகாலத்தில்தான் தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதைப் பற்றி எப்போது கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுகிற மனிதர் அப்பா. அன்றைக்கு அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். பிறகு கூட்டாளியின் பட்டப்பெயரைச் சொல்லி, ஏதோ பசியாறினாயா என்று விசாரிக்கிற மாதிரி முணுமுணுத்துவிட்டு, நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார். கை பாதியில் நடுங்கியது. பாக்சிக், நீங்களும் பக்கத்தில் நின்று சல்யூட் வைத்தீர்கள்.

இறங்கும்போது யார் யார் தூக்கினீர்கள் என்றுகூட எனக்கு நினைவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அவர்களுக்கும் நன்றி. அன்று மாலை மருத்துவரிடம் காட்டினோம். வெயில்தான், வேறொன்றுமில்லை என்றார். அப்பா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார், அதைவிட நன்றாகச் சண்டை போடுகிறார்.

நாற்காலிக்குப் புதுச் சக்கரம் வாங்கித் தருகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கடைக்காரன் போட்டதைவிட இதுதான் கெட்டி, விடு" என்றுவிட்டார்.

காலேஜ் பிள்ளைகளே, உங்கள் குடை எங்களிடம் இருக்கிறது. நீல நிறம், வெள்ளைப் புள்ளிகள், ஒரு கம்பி வளைந்தது. வளைத்தது அப்பாதான். வரும் ஜூலை 31 காலை ஒன்பது மணிக்கு அதே படிக்கட்டின் கீழே குடையோடு நிற்போம்.

இப்படிக்கு,
அன்று அழுதுகொண்டிருந்த அக்கா,
செந்தூல்