சென்சாரை மாற்றும் முன் கனெக்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரியில் மழை தொடங்கினாலே கேரட் ஏற்றும் பிக்கப்களில் இன்ஜின் விளக்கு எரிகிறது. உடனே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பத்தை அளக்கும் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். ஸ்கேனரில் பி0118 என்ற கோளாறுக் குறியீடு வந்து, கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால், பெரும்பாலும் சர்க்யூட் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. உதகை உறைபனியிலும் அவ்வளவு குளிர் ஏது?

இன்ஜின் ஆறியபின், சென்சாரில் வயரைச் செருகும் கனெக்டரைக் கழற்றுங்கள். பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர விடுங்கள். சாவியை ஆன் செய்து, வயர் பக்கம் மல்டிமீட்டரில் பாருங்கள்; சுமார் 5 வோல்ட் வராவிட்டால் கோளாறு வயரிங்கில். வந்தால், சென்சாரின் ஓம் (மின்தடை) அளவைப் பாருங்கள்: பல வண்டிகளில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500, 80 டிகிரியில் 300. மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சென்சார் போய்விட்டது.

பணிமனைக்காரர்கள் இந்த அளவை உரிமையாளருக்குக் காட்டிவிட்டே புதியதைப் பொருத்த வேண்டும்.

பிக்கப் உரிமையாளர்,
கோத்தகிரி.