8080-க்கு வந்தது யாரிடம் போகிறது?

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்றதில் நிம்மதி. இங்கே அல்சூரில் சாயங்காலம் ஆனால் மழை, கூடவே கரண்ட் கட்.

ஆயிரம் பேர் 8080 என்ற போர்ட்டுக்கு (மெஷினில் எந்த ப்ரோக்ராமுக்கு என்று சொல்லும் எண்) வந்தால் சர்வர் ஆளுக்கொரு புது போர்ட் ஒதுக்கும் என்று எழுதியிருந்தாய். இல்லை, அத்தனை பேரும் 8080-லேயேதான் இருப்பார்கள். கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, பார்ப்பது நாலு விவரம்: வந்தவரின் ஐபி, அவருடைய போர்ட், நம் ஐபி, நம் போர்ட். ஒரே லேப்டாப்பிலிருந்து இரண்டு இணைப்பு வந்தாலும் அந்தப் பக்கத்து போர்ட் 51320, 51322 என்று மாறுவதால் இரண்டும் தனித்தனி சாக்கெட் (இணைப்பின் நம் பக்கத்து முனை). பாக்கெட் வந்ததும் நாலும் பொருந்துகிற சாக்கெட்டைத்தான் கெர்னல் முதலில் தேடும். அது கிடைக்காவிட்டால் அந்த போர்ட்டில் லிசன் செய்கிற, அதாவது புது இணைப்புக்குக் காத்திருக்கிற, சாக்கெட். அதுவும் இல்லையா, முகத்தில் அடித்தாற்போல் இணைப்பை மறுக்கும் ஆர்எஸ்டி பாக்கெட் திரும்பும்.

சர்வர் இணைப்பை ஏற்கக் கூப்பிடும் அக்செப்ட் தருவது புது ஃபைல் டிஸ்கிரிப்டர்தான் (திறந்த ஃபைலையோ சாக்கெட்டையோ குறிக்கும் எண்), புது போர்ட் அல்ல. அதனால் சர்வர் முட்டி நிற்பது போர்ட் எண்ணின் உச்சமான 65,535-இல் அல்ல. பெரும்பாலும் யூலிமிட்டின் (ஒரு ப்ராசஸ் எத்தனை டிஸ்கிரிப்டர் திறக்கலாம் என்ற வரம்பு) 1024-இல்.

இனி உன் தலைவலி. மெஷினுக்குள் கர்ல் கமாண்டால் 8080-ஐக் கேட்டால் பதில் வருகிறது, வெளியிலிருந்து 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'. திறந்திருக்கும் சாக்கெட்டுகளைக் காட்டும் எஸ்எஸ் கமாண்டை எல், டி, என், பி என்ற நாலு ஆப்ஷனோடு சூடோவில் ஓட்டு. லோக்கல் அட்ரஸ் பத்தியில் 127.0.0.1:8080 என்று இருந்தால் அதுதான் குற்றவாளி: அது மெஷினுக்குள் மட்டும் எட்டும் முகவரி. 0.0.0.0 (மெஷினின் எல்லா ஐபியும்) என்று, அல்லது அந்த மெஷினின் உள் ஐபியில், சர்வரை பைண்ட் செய், அதாவது அந்த முகவரியில் உட்கார வை. ஃபயர்வாலை நோண்டாதே: அது ட்ராப் செய்தால் ரெஃப்யூஸ்ட் வராது, டைம்அவுட் ஆகும்வரை சத்தமே இருக்காது. ரிஜெக்ட் என்று எழுதிய ரூல் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தப்பும்.

ரீஸ்டார்ட்டில் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. பழைய ப்ராசஸ் இன்னும் சாகாமல் போர்ட்டைப் பிடித்திருக்கும். எஸ்எஸ் அதன் பிஐடியை (ப்ராசஸ் எண்) காட்டிவிடும். இல்லையென்றால் பழைய இணைப்புகள் டைம்-வெயிட்டில் (மூடிய பிறகும் காத்திருக்கும் நிலை) 60 வினாடி கிடக்கும். பைண்டுக்கு முன் ரீயூஸ்அட்ரஸ் ஆப்ஷன் போட்டால் தீரும். முதல் வகைக்கு அந்த ஆப்ஷன் உதவாது.

போர்ட் நிஜமாகவே தீர்வது ப்ராக்ஸியில்தான், அதாவது வரும் ரிக்வெஸ்டை வாங்கிப் பின்னால் இருக்கும் பேக்கெண்ட் சர்வருக்கு அனுப்பும் இடத்தில். லினக்ஸ் வெளியே போகத் தானாக எடுப்பது 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. ப்ராக்ஸி ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புது இணைப்பு திறந்து தானே மூடினால், ஒவ்வொன்றும் 60 வினாடி முடங்கும். ஒரே பேக்கெண்ட் ஐபி, ஒரே போர்ட் என்றால் வினாடிக்கு 470 இணைப்புதான். அதற்குமேல் 'கெனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்'. ஒரே இணைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கீப்அலைவை ஆன் செய், ரேஞ்சைப் பெரிதாக்குவதெல்லாம் அப்புறம்.

எஸ்எஸ் காட்டுவதை அப்படியே அனுப்பு. லிசன் வரியில் ரெசீவ்-க்யூ, சென்ட்-க்யூ இரண்டு எண்ணையும் விட்டுவிடாதே. முன்னது அக்செப்டுக்குக் காத்திருப்பவர்கள், பின்னது வரிசையின் கொள்ளளவு.

அன்புடன்,
சேகர்