புழல் ஏரியில் இறங்கிய நேவிகேட்டர்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். பெயர் போட்டு நன்றி சொல்லக் கூடாது என்று உங்களில் பாதிப் பேர் கறாராகச் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பேரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இந்த மடலில் யார் பெயரும் இல்லை. படிக்கும்போது "அட, இது நான்தானே" என்று உங்களுக்கே தெரியும்.

நடந்தது தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வயது 76. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு மேலே எலுமிச்சம்பழம் கொடுக்க வந்தவர், கூடவே துணி அட்டை போட்ட பழைய நோட்டு ஒன்றையும் நீட்டினார். அவருடைய அப்பாவின் லாக்புக், அதாவது பறந்த நேரக் கணக்கு எழுதும் நோட்டு. இரண்டாம் உலகப் போரில் ஆஸ்திரேலிய விமானப்படையில் நேவிகேட்டராக இருந்தார் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அப்பா அதைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லையாம். "இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஏரி என்று நினைக்கிறேன். என் கண்ணுக்குப் புரியவில்லை, நீ படித்துப் பாரேன்" என்றார்.

ராத்திரி சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன். 1944 பிப்ரவரியில் இருந்து பக்கத்துக்குப் பக்கம் ஒரே இடத்தின் பெயர்: ரெட்ஹில்ஸ் லேக்.

நான் அம்பத்தூர்க்காரன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் உட்கார்ந்த இடம் செங்குன்றம் ஏரிக்கரை. ரெட்ஹில்ஸ் என்றால் அதுதான். சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற அதே புழல் ஏரி. அங்கே விமானம் இறங்கியது என்று ஒரு வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. மூன்று தடவை படித்த பிறகு மனைவியை எழுப்பினேன். அவள் திட்டினாள். அது நியாயம்தான்.

முதல் நன்றி லண்டனில் இருக்கும் அந்த ஓய்வுபெற்ற பெரியவருக்கு. ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்தவரானாலும் இவரைப் போட்டது பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவில். அதனால் தினசரிப் பதிவேடுகள் கான்பெராவில் கிடையாது, லண்டன் கியூவில் உள்ள ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. முன்பின் தெரியாத எனக்காக இரண்டு நாள் ரயில் ஏறிப் போய்ப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினீர்கள். ரயில் காசுகூட வாங்கவில்லை.

என் மானம் போன கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லாக்புக்கில் பல வரிகள் சிவப்பு மையில் இருந்தன. வாத்தியார் திருத்திய தப்பு என்று நினைத்து அவற்றை எல்லாம் விட்டுவிட்டுத்தான் மகளை எக்செல்லில் ஏற்றச் சொன்னேன். கூட்டுத்தொகை பாதிகூட வரவில்லை. "ஐயா, சிவப்பு மை என்றால் இரவுப் பறப்பு" என்று நீங்கள் ஒரே வரியில் பதில் போட்டீர்கள். நான் குப்பை என்று ஒதுக்கியதுதான் அந்த மனிதர் செய்த வேலையின் பெரும்பகுதி. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இருந்த டி.சி.ஓ. என்ற மூன்றெழுத்தை யாரோ அதிகாரியின் இனிஷியல் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன். இட்ட பணி முடிந்தது என்பதன் சுருக்கமாம். பத்தொன்பது மணி நேரம் கடலுக்கு மேல் பறந்துவிட்டு வந்து, அதைப் பற்றி அவர் எழுதியது அவ்வளவுதான்.

கான்பெரா தேசிய ஆவணக் காப்பகத்தில் தொலைபேசி எடுத்த அந்தப் பெண்மணிக்கும் நன்றி. பணிக்கோப்பு வந்த பிறகுதான் ஆள் கொஞ்சம் உருவம் பெற்றார். கம்பளிக் கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன், 1942-இல் சேர்ந்திருக்கிறார். எம்பயர் ஏர் டிரெய்னிங் ஸ்கீம் என்று ஒரு பெரிய ஏற்பாடு அப்போது நடந்தது. அதன்கீழ் ஆஸ்திரேலியா சுமார் 37,000 பேரைப் பறக்கப் பயிற்றுவித்து, உலகத்தின் எல்லா மூலைக்கும் அனுப்பியது. இவருக்குக் கூட்டமுண்ட்ராவில் அடிப்படை வழிகாணல், எவன்ஸ் ஹெட்டில் குண்டும் துப்பாக்கியும், பார்க்ஸில் நட்சத்திரம் பார்த்து இடம் கண்டுபிடிக்கும் வித்தை. பயிற்சி எல்லாம் ஆன்சன் விமானத்தில். வானில் ஏறிய பிறகு அதன் சக்கரங்களை ஒரு கைப்பிடியைச் சுற்றி உள்ளே இழுக்க வேண்டும், நூற்றுக்கும் மேற்பட்ட சுற்று. பைலட் சுற்ற மாட்டார். கணக்குப் போட வந்த பையன்தான் சுற்ற வேண்டும்.

எங்கள் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆர்.எஸ்.எல். மன்றத்துப் பெரியவர் ஒரு புகைப்படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தேதியைக் கணித்தார். சட்டையில் ஒற்றைச் சிறகு, அதன் பக்கத்தில் 'ஓ' எழுத்து. அப்சர்வர் என்ற பழைய பதவியின் சின்னம் அது. 1942-இல் அந்த வேலையை நேவிகேட்டர் என்றும் குண்டு வீசுபவர் என்றும் பிரித்து, 'என்' எழுத்துச் சிறகைக் கொண்டுவந்தார்கள். பழைய ஆட்கள் பலர் 'ஓ'வைக் கழற்ற மாட்டோம் என்று அடம் பிடித்தார்களாம். அந்த வட்டச் சிறகுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பட்டப்பெயரையும் பெரியவர் சொன்னார். குடும்பத்தோடு படிக்கிற மடல், எழுத முடியாது.

அப்புறம் கப்பலில் இங்கிலாந்து. வட அயர்லாந்தில் லாக் எர்ன் என்ற ஏரியில் கேட்டலினா விமானத்தில் பழக்கம். தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலேயே ஏறும் ரெட்டை என்ஜின் விமானம் அது. உட்காரப் பலகை, படுக்கக் கட்டில், கெட்டில் வைக்க ஓர் அடுப்பு எல்லாம் உண்டு. அந்த ஏரியில் இருந்து நேரே நம் ஏரிக்கு.

நம் ஏரிக்கு ஏன் என்று கேட்டால் 1942 ஏப்ரலுக்குப் போக வேண்டும். ஐந்தாம் தேதி கொழும்பு, ஒன்பதாம் தேதி திருகோணமலை, நடுவில் விசாகப்பட்டினம், காக்கிநாடா என்று ஜப்பான்காரன் குண்டு போட்டான். அந்தமான் மார்ச்சிலேயே போய்விட்டது. மெட்ராஸே காலியானது. எங்கள் தாத்தா குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடிய கதையைப் பாட்டி நூறு முறை சொல்லியிருக்கிறாள். அந்த வருடமே 240-ஆம் ஸ்குவாட்ரன் புழல் ஏரிக்கு வந்தது. வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கி தேடுவது, சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போவது, கடலில் விழுந்தவர்களை மீட்பது எல்லாம் அவர்கள் வேலை. 1944 கடைசியில், எதிரி பிடித்துவைத்திருந்த கரைகளில் ரகசியமாக ஆள் இறக்கும் பிரிவும் இதே ஸ்குவாட்ரனோடு சேர்ந்தது. இவர் லாக்புக்கில் அதன் பிறகு ஒன்பது வரிகளில் "ஸ்பெஷல்" என்று மட்டும் இருக்கிறது. எங்கே போனார் என்ற கட்டம் காலி.

இப்போது தூத்துக்குடி கேப்டன் ஐயாவுக்கு வருகிறேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. முப்பது வருடம் சரக்குக் கப்பல் ஓட்டிய நீங்கள், மகள் வீட்டுக்கு மெல்பர்ன் வந்த இடத்தில் என்னிடம் மாட்டிக்கொண்டீர்கள். ஐந்து சனிக்கிழமை எங்கள் வீட்டில் கழிந்தது. நேவிகேட்டர் என்றால் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்கிறவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். கடலுக்கு மேலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டபோதுதான் உறைத்தது.

டம்ளரை ஒரு பக்கம் வைத்தீர்கள், ஊறுகாய் பாட்டிலை மறுபக்கம் வைத்தீர்கள். "இது மெட்ராஸ், அது போர்ட் பிளேர். எங்கப்பா தோணியில தண்டலா, அதான் தோணிக்குத் தலைவரா இருந்தவரு. கச்சான் காத்து அடிச்சா எவ்வளவு தள்ளும், நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும்னு உடம்பாலேயே தெரியும் அவருக்கு. போகணும்ங்கற எடத்தப் பாத்துத் தோணிய வுட்டா போய்ச் சேர மாட்ட தம்பி. தள்ளுறதுக்கு எதிரா முகத்தத் திருப்பி வைக்கணும். இந்தப் பையனுக்கும் அதே கணக்குதான், தண்ணிக்குப் பதிலா காத்து." ஆனால் அந்தக் காற்று எவ்வளவு என்று விமானத்துக்குள் இருந்து தெரியாது. பகலில் அலுமினியத் தூளைக் கடலில் கொட்டுவார்கள், இரவில் எரிகிற மிதவையைப் போடுவார்கள். அது எந்தப் பக்கம் விலகுகிறது என்று அளந்து, காற்றைக் கணக்குப் போட வேண்டும். ஒரு டிகிரி பிசகினால் 60 கடல் மைலுக்கு ஒரு மைல் தப்பு. 600 மைல் போனால் பத்து மைல். ரேடியோவில் கேட்கவும் கூடாது, பேசினால் எதிரிக்குத் தெரிந்துவிடும்.

நோட்டின் பின் அட்டை உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஒரு பட்டியல் இருந்தது. ஸ்பைகா, ஆர்க்ட்யூரஸ், ஆல்டிபரன், ரெகுலஸ், அன்டாரிஸ், கனோபஸ். நீங்கள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படிக்கிற மாதிரியே இல்லாமல் சொன்னீர்கள்: "சித்திரை, சுவாதி, ரோகிணி, மகம், கேட்டை, அகத்தியர்."

வீடே அமைதியாகிவிட்டது. என் மனைவி கேட்டை நட்சத்திரம். கேட்டை மூத்தாருக்கு ஆகாது, மாப்பிள்ளைக்கு அண்ணன் இருக்கிறான் என்று சொல்லி எங்கள் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அவள் அடுப்படியில் இருந்து வந்து அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். குமிழ்க் கண்ணாடி ஓரமாக நின்று, ஆடுகிற விமானத்தில், செக்ஸ்டண்ட் என்ற கோணம் அளக்கும் கருவியை இரண்டு நிமிடம் அசையாமல் பிடித்து அந்தக் கேட்டையின் உயரத்தை அளந்திருக்கிறார் அவர். கடிகாரத்தில் நான்கு விநாடி தப்பினால் நிலநடுக்கோட்டருகே ஒரு மைல் தப்பு. அந்த நட்சத்திரத்தை நம்பி எட்டு ஒன்பது பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள். "எங்க மாமியார் இருந்திருந்தா இதக் காட்டியிருப்பேன்" என்றாள். சரி, அந்தப் பேச்சு வேண்டாம்.

செங்குன்றம் நண்பனே, உனக்கு நன்றி சொன்னால் "போடா" என்பாய். இருந்தாலும் சொல்கிறேன். "ஏரிக்கரையில் யாராவது வயதானவர்கள் இருந்தால் கேளேன்" என்று ஒரு வாட்ஸ்அப் மட்டும்தான் அனுப்பினேன். நான்கு வாரம் பைக்கில் அலைந்து ஓர் ஆயாவைக் கண்டுபிடித்து வீடியோ எடுத்து அனுப்பினாய். ஆயாவுக்கு அப்போது ஆறு வயது இருக்குமாம். "தண்ணியில எறங்குற ஏரோப்ளேனு. பெரிய வாத்து மாரி வரும். எங்க நைனா அங்க கூலிக்குப் போவாரு. பொழுது சாயறப்ப ஒண்ணு கெளம்பும், மறுநாளுதான் திரும்பும். வரலன்னா நைனா சாப்புடாம ஒக்காந்திருப்பாரு." நீ பின்னாலிருந்து "எதுக்கு ஆயா சாப்பிட மாட்டாரு?" என்று கேட்டாய். "போனவன் பசியோட இருப்பான்ல" என்றாள் ஆயா. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பதக்க விஷயத்தில் ஓர் அலுவலகம் எங்களை மூன்று மாதம் அலைக்கழித்தது. எந்த அலுவலகம் என்பதை விட்டுவிடுவோம். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. போர் முடிந்து ஊர் திரும்பியவர் தன் பதக்கங்களைக் கேட்டு எழுதவே இல்லை. வங்காள விரிகுடாவில் பறந்தவர்களுக்கு உரிய பர்மா ஸ்டாரும் அதில் ஒன்று. மூன்றாவது தடவை விண்ணப்பத்தை எங்களோடு உட்கார்ந்து நிரப்பித்தந்த நூலகத்து அக்காவுக்கு நன்றி. எந்தக் கட்டத்தில் எந்தச் சான்று என்று உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. பதக்கங்கள் போன மாதம் ஓர் அட்டைப்பெட்டியில் தபாலில் வந்தன. பக்கத்து வீட்டு அம்மா அதைப் பிரிக்காமல் இரண்டு நாள் ஃப்ரிட்ஜ் மேலே வைத்திருந்தார்.

மகளே, சிவப்பு வரிகளை எல்லாம் மறுபடி உட்கார்ந்து ஏற்றினாய். கடைசிக் கூட்டல் அவருடைய கூட்டலோடு நிமிடம் பிசகாமல் ஒத்துப்போனபோது நீ போட்ட கூச்சல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. கணக்கெழுதியவர் அல்லவா, தப்பு விடுவாரா.

நகல் கேட்டவர்களுக்கு இந்த வாரம் அனுப்பிவிடுகிறேன். மூல நோட்டை அதன் சொந்தக்காரரிடமே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. நண்பா, பெட்ரோல் காசும் ஆயாவுக்கு வாங்கிக் கொடுத்த டீ, பன் காசும் பாக்கி. பொங்கலுக்கு வரும்போது தருகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மா அப்பாவின் படத்துக்குச் சட்டம் போட்டுவிட்டார். கீழே ஏரியின் பெயரை அந்த ஊர் எழுத்திலேயே எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் தினமும் காலையில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே "புழல், புழல்" என்று சொல்லிப் பழகுகிறார். 'ழ' இன்னும் வரவில்லை.

நன்றியுடன்,
பழைய அம்பத்தூர்க்காரன்,
மெல்பர்ன்